பூச்சியம் என்றால் ஆளே இல்லையா?

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் முடியப்போகிறது. காலையில் நான் தேங்காய் துருவும் நேரமாகப் பார்த்துத்தான் பழைய ஒஃபிஸ்காரர்களுக்கு என் ஞாபகம் வரும் போலிருக்கிறது. போன கிழமையும் அப்படித்தான், கை முழுக்கத் தேங்காய்ப்பூவோடு நிற்கையில் கவிதாவின் குரல்பதிவு வந்து விழுந்தது. மாத்தளை நகரத்தில் நான் இருபது வருடத்துக்கு மேல் புரோகிராம் எழுதிய சின்னக் கம்பனியில், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"ஹாஜரா ராத்தா, இந்தப் பைத்தனுக்கு என்னமோ பிடிச்சிருக்கு. ஒரு ஒப்ஜெக்ட்ல __len__ எழுதி மாட்டி வச்சிருக்கேன். நேரா கூப்பிட்டா அஞ்சுன்னு சொல்லுது. len போட்டுக் கேட்டா எனக்கு அப்பிடி ஒண்ணுமே இல்லங்குது. ஏஐகிட்ட கேட்டேன். அது மன்னிப்பு கேட்டுட்டு மறுபடியும் அதையே எழுதித் தருது. நீங்க சும்மா இருந்தா சொல்லுங்களேன்."

சும்மா இருந்தால்! ஓய்வு பெற்ற பொம்பளையின் அடுப்படியை ஒரு நாளாவது வந்து பார்த்துவிட்டு அவள் இதைச் சொல்ல வேண்டும். ஆனாலும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதே கேள்விக்கு முன்னால் ஒரு நாள் நானும் எங்கள் மேலதிகாரியான சேரும் வேர்த்து விறுவிறுத்து நின்றிருக்கிறோம். அன்றைக்கு ஒருவருடைய உயிர் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கவிதாவுக்கு எழுதுகிறேன். கணினி தெரியாதவர்களும் படிக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை.

என் படிப்புக் கதையை இழுக்க விரும்பவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். கண்டிக்கு பஸ்ஸில் போய்வந்து கணினி படித்தேன். ஒவ்வொரு மொழியாகப் படிப்பதும், அது பழசாகிப்போனதும் அடுத்ததைப் படிப்பதுமாக வருடங்கள் ஓடின. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் பைத்தன் கையில் கிடைத்தது. எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணமே இந்த இரட்டை அடிக்கோட்டுப் பெயர்கள்தான்.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கிளாஸ் என்பது அச்சடித்த வெறும் படிவம் மாதிரி. ஒப்ஜெக்ட் என்பது ஓர் ஆளின் விவரம் நிரப்பிய படிவம். அந்தப் படிவத்துக்குச் சில வேலைகளைக் கற்றுக்கொடுக்கலாம், அவற்றுக்கு மெத்தட் என்று பெயர். சாதாரண மெத்தட்டை நாம்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆனால் முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட சில விசேஷப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை எழுதி வைத்துவிட்டு நாம் பேசாமல் இருக்கலாம். நேரம் வரும்போது பைத்தனே கூப்பிட்டுக்கொள்ளும். நீளம் கேட்டால் __len__. ஒப்பிட்டால் __eq__. உண்மையா பொய்யா என்று கேட்டால் __bool__. நான் கூப்பிடாமலே ஒன்று ஓடி வந்து வேலை செய்துவிட்டுப் போவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. வீட்டில் அப்படி ஒருவரும் கிடையாது.

எங்கள் மேலதிகாரி சிவபாலன். டவுனில் கடை வைத்திருந்த குடும்பம். என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் நான் அவரைச் 'சேர்' என்பேன், அவர் என்னை 'ராத்தா', அதாவது அக்கா, என்பார். புதிதாக வருகிறவர்கள் இதில் யார் பெரியவர் என்று கொஞ்ச நேரம் குழம்புவார்கள்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இன்னொருவருடைய கீபோர்டைத் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கொப்பி இருக்க வேண்டும், பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு கிழித்திருக்க வேண்டும். சந்தேகமான எதையும் ஓட்டுவதற்கு முன்னால் என்ன பதில் வரும் என்று இடது பக்கத்தில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் எண்டர் கீயை அழுத்தலாம். வந்த பதிலை வலது பக்கத்தில் எழுத வேண்டும். பென்சில் கூடாது, பேனாதான். அழிப்பதற்கு வழி இருந்தால் மனுசன் தனக்குத் தானே பொய் சொல்லுவான் என்பது அவருடைய கட்சி.

இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வேறாக இருந்தால்தான் அவர் முகத்தில் வெளிச்சம் வரும். "ஆ, இது நல்லா இருக்கே!" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். நாம் பிழை விட்டதில் ஒரு மனுசனுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. போகப்போக எனக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது.

ஒரு சின்ன உதாரணம். மிளகு, கராம்பு வாங்கி அனுப்பும் ஒரு வியாபாரிக்கு மூட்டைக் கணக்கு எழுதினோம். ஒரே இலக்கமுள்ள இரண்டு மூட்டைப் பதிவுகளை ஒன்றாகக் கருதட்டும் என்று நான் __eq__ எழுதினேன். அடுத்த நிமிடம், அதுவரைக்கும் ஒழுங்காக ஒரு தொகுப்புக்குள் போய்க்கொண்டிருந்த மூட்டைகள் போகமாட்டோம் என்று அடம்பிடித்தன. ஒப்பிடும் முறையை நீ மாற்றினால், ஆளை அடையாளம் வைக்கும் பழைய முறையைப் பைத்தன் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கிக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குழப்பம் வரும் என்பதால் அந்த ஏற்பாடு. அதையும் நீயே எழுது என்கிறது. சேர் அன்று பின்னேரம் முழுவதும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டவுனில் ஒரு நலன்புரிச் சங்கம் இருந்தது. பள்ளிவாசல்காரர்கள், கோயில்காரர்கள், விகாரைக்காரர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். வருடத்தில் இரண்டு மூன்று தடவை இரத்ததான முகாம் வைப்பார்கள். இரத்தம் கொடுக்க விருப்பமானவர்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து கேட்கும்போது வகை பார்த்துத் தேடிக் கொடுக்க ஒரு புரோகிராம் வேண்டும் என்று கேட்டார்கள். சேர் அதை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லி, வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

நான் ஆசையாசையாக எழுதினேன். ஒவ்வொரு கொடையாளரும் ஓர் ஒப்ஜெக்ட். அவர் இதுவரை எத்தனை தடவை கொடுத்திருக்கிறார் என்பதை len போட்டுக் கேட்டால் சொல்ல வேண்டும் என்று __len__ எழுதினேன். தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான். கெட்டிக்காரத்தனம் காட்டத்தான் எழுதினேன். புரோகிராம் சரியாக ஏற்றுகிறதா என்று பார்க்க, முதல் ஆளாக என் பெயரையே போட்டேன். ஹாஜரா, ஓ பொசிட்டிவ், கொடுத்தது பூச்சியம்.

ஒரு முகாமுக்கு நானும் போய்ப் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். பலாபத்வலையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் புஷ்பராணி, வீட்டில் தையல் வேலை. ஓ நெகட்டிவ். அது கிடைப்பது அருமை. ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏற்றலாம். நேர்ஸ் அவளுடைய விரலில் குத்தி ஒரு சொட்டை நீலத் திரவத்துக்குள் விட்டார். சொட்டு கீழே போகாமல் மிதந்தது. இரத்தத்தில் சத்துக் குறைவு, மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, கீரை சாப்பிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு ஆசையோடு வந்தாளோ, முகம் சுருங்கிப் போனாள். "பேரை மட்டுமாச்சும் எழுதிக்கங்க, அடுத்த வாட்டி கட்டாயம் வருவேன்" என்றாள். நான் எழுதினேன். கொடுத்தது பூச்சியம்.

அதற்குப் பல மாதங்கள் கழித்து ஒரு காலை. பத்து மணி இருக்கும். சேருக்கு அத்தானிடமிருந்து போன் கோல் வந்தது. சேருடைய பெரியக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். சேரைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கர்ப்பப்பையில் கட்டி, இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நாள் காலை ஒப்பரேஷன். அக்கா ஓ நெகட்டிவ். இரத்தம் கையில் இல்லாமல் கத்தி வைக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வெளியிடங்களிலும் தேடிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவராவது இருந்தால் இன்றைக்குள் அனுப்புங்கள் என்றார்களாம்.

சேர் என் மேசைக்கு வந்தார். நான் தேடினேன். ஓ நெகட்டிவ்: ஒரே ஒரு பெயர். அவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார், இப்போது மறுபடி எடுக்கமாட்டார்கள்.

"சேர், இன்னொரு பொம்புள இருக்கணும். பலாபத்வல. தைக்கிறவ" என்றேன்.

"லிஸ்ட்ல இல்லீங்களே ராத்தா."

"நான் ஏத்தினேன் சேர். என் கையால ஏத்தினேன்."

கோப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று பார்த்தோம். தேடலில் வருகிறவர்கள் எத்தனை பேர் என்றும் பார்த்தோம். இரண்டும் ஒத்துவரவில்லை. அங்கே இருக்கிறார்கள், இங்கே இல்லை. இப்போது யோசித்தால், கோப்பில் உள்ள பெயர்களை அப்படியே ஒவ்வொன்றாக அச்சடித்துப் பார்த்திருக்கலாம். அந்தப் பதற்றத்தில் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. பிழை எங்கே என்று தேடுவதே எங்களுக்குப் பழகிப்போன பாதை.

சேர்தான் முதலில் கண்டுபிடித்தார். பட்டியலில் பெயர் நீக்கப்பட்டவர்களின் இடம் வெறுமையாக இருக்கும். அதைத் தாண்டிப் போக, 'if d' என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். ஆள் இருந்தால் எடு என்பது என் எண்ணம். ஆனால் பைத்தன் அந்த இடத்தில் என்ன செய்கிறது? நீ உண்மையா பொய்யா என்று ஒப்ஜெக்ட்டைக் கேட்கிறது. அதற்கு முதலில் __bool__ இருக்கிறதா என்று தேடும். நான் எழுதவில்லை. இல்லாவிட்டால் __len__ இருக்கிறதா என்று தேடும். அதைத்தான் நான் கெட்டிக்காரியாக எழுதி வைத்திருந்தேனே. நீளம் பூச்சியமென்றால் பொய் என்று எடுத்துக்கொள்ளும். யாராவது இருக்கிறீர்களா என்று நான் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கொடுத்தாய் என்று அது கேட்டிருக்கிறது.

இத்தனை மாதமும் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. மற்ற வகைகளில் ஆட்கள் நிறைய, பத்துப் பேர் விடுபட்டாலும் தெரியாது. ஓ நெகட்டிவில் ஒருவர் விடுபட்டால் ஆளே இல்லை.

அப்போது சேர் தன் வாழ்நாளில் செய்யாத இரண்டு காரியங்களைச் செய்தார். என் கீபோர்டைப் பிடுங்கினார். கொப்பியில் எழுதாமல் தட்டினார். நினைவகத்தில் இருந்த ஒவ்வொரு ஒப்ஜெக்ட்டிலும், எப்போதும் உண்மை என்று சொல்லும் ஒரு __bool__ஐ மாட்டினார். தேடினார். மறுபடியும் அதே ஒரே ஒரு பெயர். இன்னொரு தடவை தேடினார். அதே பெயர்.

"ஏன்டா!" என்று மேசையில் ஓங்கி அடித்தார். பிளேன்டீக் கோப்பை துள்ளி விழுந்தது. அக்காவை நினைத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நான் கொப்பியை எடுத்து, கோடு கிழித்து, பேனாவோடு அவர் முன்னால் வைத்தேன்.

"எழுதுங்க சேர். என்ன வரும்னு முதல்ல எழுதுங்க."

"ராத்தா, இப்ப அதுக்கு நேரமா?"

"இப்பதான் நேரம். எழுதுங்க."

என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு எழுதினார். பூச்சியம் உள்ள ஓர் ஒப்ஜெக்ட்டை எடுத்துக்கொண்டோம். அதன் __bool__ஐ நேராகக் கூப்பிட்டால்: உண்மை. bool போட்டுக் கேட்டால்: உண்மை. இடது பக்கத்தில் இரண்டு 'உண்மை'. நான் ஓட்டினேன். வலது பக்கத்தில் முதலாவது 'உண்மை' என்று எழுதினார். இரண்டாவது 'பொய்' என்று வந்தது.

ஒரே ஆள். நேராகக் கேட்டால் இருக்கிறேன் என்கிறார். பைத்தன் மூலம் கேட்டால் இல்லை என்கிறார். சேர் ஒரு கணம் அக்காவைக்கூட மறந்துவிட்டார் என்று சத்தியம் செய்வேன். அந்த முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. "ஆ..." என்றார்.

"ஆள்கிட்ட கேக்கவே இல்ல ராத்தா. கிளாஸப் போய்ப் பாக்குது. அரசாங்கக் கச்சேரியில இருக்கிற கிளார்க் மாதிரி. உங்க ஃபோர்ம்ல நீங்க என்ன எழுதி ஒட்டினாலும் அவரு பாக்க மாட்டாரு. அந்த ஃபோர்முக்கு வந்த சுற்றுநிருபத்தத்தான் பாப்பாரு."

அவ்வளவுதான், கவிதா. நீ நேராகக் கூப்பிடும்போது பைத்தன் முதலில் அந்த ஆளிடம் தேடுகிறது, கிடைக்கிறது. len, bool, கூட்டல், ஒப்பீடு என்று அதுவாகக் கூப்பிடும்போது ஆளைத் தாண்டி நேராகக் கிளாஸுக்குப் போய்விடுகிறது. வேகத்துக்காக என்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு: கிளாஸ் என்பதும் ஓர் ஒப்ஜெக்ட்தான். தன் படிவங்களுக்காக எழுதி வைத்ததைத் தனக்கு எழுதியதாக அது எடுத்துக்கொள்ளக் கூடாதல்லவா? ஏஐ இன்னும் எத்தனை தடவை மன்னிப்பு கேட்டாலும் ஆளில் மாட்டினால் வேலை செய்யாது. கிளாஸில் எழுது.

நாங்களும் கிளாஸில் ஒரு வரி எழுதினோம். அதற்கு முன்பே உருவாகி நினைவகத்தில் இருந்த ஒப்ஜெக்ட்டுகள்கூட அந்த நொடியிலிருந்து பதிலை மாற்றிச் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். தேடினோம். மூன்று பெயர்கள். ஒன்று ஏற்கெனவே வந்த பெயர். ஒருவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டதாக அவருடைய உம்மா சொன்னார். மற்றது புஷ்பராணி. நான்தான் கோல் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"கேக்குதாம்மா?" என்றேன்.

"கேக்குதுங்க. நான் லிஸ்ட்ல இருக்கேனா?"

"இருக்கீங்க."

"நான் ரெண்டு வாட்டி சங்கத்துக்குப் போன் பண்ணேங்க. மூணு மாசம் மாத்திர போட்டு, முருங்கக்கீர தின்னு, இப்ப ரத்தம் சரியாயிருச்சு, வரட்டுமான்னு கேட்டேன். கம்பியூட்டர்ல பாத்துட்டு அப்பிடி யாரும் இல்லைன்னுட்டாங்க. நம்மள வேணாங்கிறாங்க போலன்னு விட்டுட்டேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சங்கத்தில் இருந்தவர் பார்த்ததும் என்னுடைய அதே வரியைத்தான்.

"அது என் பிழைம்மா. கம்பியூட்டர் பிழை இல்ல. நான் எழுதினதுல வந்த பிழை."

"சரி சரி, அத அப்புறம் பேசுவோம். எத்தன மணிக்கு வரணும்?"

பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். சேரும் நானும் கூடப் போனோம். நேர்ஸ் விரலில் குத்தி, சொட்டை நீலத் திரவத்தில் விட்டார். மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். சொட்டு நேராகக் கீழே போய் அடியில் உட்கார்ந்தது. சேர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காவின் ஒப்பரேஷன் அடுத்த நாள் நடந்தது. அவர் இன்றைக்கும் இருக்கிறார், பொங்கலுக்கு எனக்குச் சர்க்கரைப் பொங்கல் வராமல் இருந்ததில்லை.

அந்தக் கிழமையே பூச்சியக்காரர்கள் எல்லாரையும் தனியாக அச்சடித்தேன், ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்து மன்னிப்புக் கேட்பதற்காக. சேர் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் வரியிலேயே அவர் கண் நின்றது.

"ராத்தா, நீங்களும் இதுல இருக்கீங்களே?"

ஊசி என்றால் எனக்கு உயிர் போகும். எத்தனை முகாம்களில் மற்றவர்களுக்குப் பிளேன்டீயும் விசுக்கோத்தும் கொடுத்திருக்கிறேன், அந்தக் கட்டில் பக்கம் மட்டும் போனதில்லை. ஒருவரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. ஓ பொசிட்டிவ்தான் தாராளமாக இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். என் பிழைக்குப் பின்னால் நானே நன்றாக ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த முகாமில் சாக்குச் சொல்லிப் பார்த்தேன். புஷ்பராணி விடவில்லை. "என்னைய இல்லைன்னீங்க. நீங்க எங்க போயிருந்தீங்கக்கா?" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தாள். சேர் கொப்பியோடு வந்து நின்றார். இடது பக்கத்தில் எழுதச் சொன்னார். மனதில் பட்டதை உள்ளபடியே எழுதினேன்: 0. ஊசி வருவதைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடுவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கால் மணி நேரம் கழித்து, மற்றக் கையால் பேனாவைப் பிடித்து, கோணல்மாணலாக வலது பக்கத்தில் 1 என்று எழுதினேன். சேர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆ, இது நல்லா இருக்கே!" என்றார்.